கோட்டையை அழித்தவர் யார்?

ஜெர்மனியின் தென்மேற்கே, சுவாபிய நாட்டில், கோப்பிங்கன் நகருக்குச் சமீபத்தில் ஹோஹன்ஸ்டாபன் என்றொரு குன்று தனித்து நிற்கிறது. அதன் உயரம் 684 மீட்டர். உச்சியில் இன்று காணக் கிடைப்பவை சில அஸ்திவாரச் சுவர்களே. ஐரோப்பாவை ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆட்டிவைத்த ராஜ வம்சத்துக்குப் பெயர் தந்த கோட்டை அங்கேதான் இருந்தது.

1070-ஐ ஒட்டி எழுந்த கோட்டை அது. செந்தாடி பிரெடரிக் சக்கரவர்த்தி அக்குலத்தவரே. சிலுவை யுத்தத்துக்குப் போகும் வழியில் 1190-ல் அவர் ஆற்றில் மூழ்கி மாண்டார். 1268-ல், நேப்பிள்ஸ் நகரில், பதினாறே வயதான கொன்ராடினின் தலை வீழ்ந்ததோடு வம்சம் முடிந்தது. ஆயினும் செந்தாடி மன்னர் ஒரு மலைக்குள் உறங்குகிறார், தேசத்துக்கு ஆபத்து வருங்கால் எழுந்து வருவார் என்று கதை வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தேசபக்தர்கள் அக்கதையை இறுகப் பற்றிக்கொண்டனர். முடிவில் அப்பெயர் எதற்குப் பயன்பட்டது? 1941-ல் ருஷியாவின்மீது பாய்ந்த ஹிட்லர், அப்படையெடுப்புக்கு அதைச் சூட்டினான்.

கோட்டையை அழித்தவர் யார் என்று கேட்டால், குடியானவர்கள் என்று உடனே பதில் வரும். 1525-ம் வருஷத்துக் கலகத்தில் அவர்கள் அதைப் பிடித்துத் தீயிட்டது மெய்யே. ஆனால் அவர்கள் வெறுங்கூட்டமல்ல. அதே வருஷம் மார்ச்சு மாதத்தில் சுவாபியக் குடியானவர்கள் மெம்மிங்கன் நகரில் பன்னிரண்டு ஷரத்துக்களை வகுத்தார்கள். பண்ணையடிமைத்தனம் ஒழிய வேண்டும். காட்டு விறகும் ஆற்று மீனும் ஊராருக்கு வேண்டும். தங்கள் பாதிரியைத் தாங்களே தேர்ந்துகொள்ள வேண்டும். குடும்பத்தலைவன் இறந்தால் விதவையிடமும் அநாதைகளிடமும் பிரபு பறித்துக்கொள்ளும் சாவு வரி கூடாது என்பது கடைசிக்கு முந்திய ஷரத்து. இவற்றில் அக்கிரமம் எது என்று நேயர்களே சொல்லட்டும்.

பிரபுக்கள் பீரங்கியால் பதில் சொன்னார்கள். மே மாதம் பேப்லிங்கன் போரில் அந்நாட்டுக் குடியானவர்களின் படை சிதறியது. கலகம் முழுவதிலும் மாண்டோர் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்பது சரித்திரக்காரர்களின் மதிப்பு. உர்ட்டம்பெர்க் ராஜ்யத்தில் பண்ணையடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது 1817-ல்!

தீப்பட்ட கோட்டைக்கும் சுவர்கள் மிஞ்சியிருக்கும். அச்சுவர்கள் எங்கே? கலகம் அடங்கி ஒரு தலைமுறை சென்றபின், உர்ட்டம்பெர்க் பிரபு கிறிஸ்டோப் கோப்பிங்கனில் தமக்கொரு அரண்மனை எழுப்பினார். அதற்குக் கல் வேண்டியிருந்தது. குன்றின்மேல் கல் இருந்தது. மாமன்னர் குலத்தின் மூலஸ்தானம் என்ற எண்ணம் அந்தக் கைகளைத் தடுக்கவில்லை. குடியானவர்களின் தீக்குத் தப்பியதைக் கொண்டுபோனவர் பிரபு. பழி மாத்திரம் குடியானவர்களுக்கு!

நமது மேடைகளிலும் கோட்டை கொத்தளங்களின் பெருமைக்குக் குறைவில்லை. பேசுவதில் தவறில்லை. அக்கற்களைச் சுமந்தவன் எவன், அவனுக்கு அன்று கூலி உண்டா என்பதையும் அதே மூச்சில் கேட்க வேண்டுமென்பதே நமது கோரிக்கை. கேட்காமற்போன ஜெர்மானியர் உறங்கும் சக்கரவர்த்திக்காகக் காத்திருந்தார்கள். வந்தவன் யார் என்பதை உலகம் கண்டது.

ஹோஹன்ஸ்டாபன் குன்றில் ஏறுகிறவர்கள், இறங்கி வரும்போது கோப்பிங்கன் அரண்மனைச் சுவர்களையும் பார்த்துவிட்டுப் போகட்டும். அரண்மனை இன்றும் நிற்கிறது. கோட்டையின் கற்கள் அங்கே இருக்கின்றன.