பலாக்கொட்டையும் பக்டீரியாவும்: மரம் இனித் தேவையில்லையா?

புளியந்தீவுச் சந்தையில பலாப்பழத்துக்கு விலை இருக்கு, கொட்டைக்கு இல்லை. சுளை முடிஞ்ச பிறகு கறிக்குப் போனால் போகும், நெருப்பில சுட்டால் பின்னேரத் தீனி. ஆனால் அதே கொட்டையில இருக்கிற ‘ஜகலின்’ எண்ட புரதத்தைப் பிரிச்செடுத்து, உலகம் முழுக்க ஆய்வுகூடங்களுக்கு மில்லிகிராம் கணக்கில் விற்கிறார்கள். கலைப்பீடத்துக்காரருக்கு இதில் என்ன கதை எண்டு கேட்பீர்கள். இது எங்கட கதையும்தான் எண்டுதான் நாங்கள் நினைக்கிறம்.

ஜகலின் ஒரு லெக்டின். அதாவது, குறிப்பிட்ட சீனி மூலக்கூறுகளைத் தேடிப் பிடிக்கிற புரதம். 1985இல் பிரேசில் ஆய்வாளர்கள் அதுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். பலாவுக்குப் போர்த்துக்கேயர் சொல்லுற ‘ஜாக்கா’, மலையாளச் ‘சக்க’யில இருந்து போன சொல். எங்கட இரத்தத்தில் இருக்கிற ஐஜிஏ எண்ட பிறபொருளெதிரியில இரண்டு வகை உண்டு. ஜகலின் முதலாம் வகையைப் பிடிக்கும், இரண்டாவதை விட்டுவிடும். அதனால் இரண்டையும் பிரிக்க அது உதவுது. 1996இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் எம். விஜயனின் குழு இந்தப் புரதத்தின் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டது.

பிறகு ஒரு கேள்வி வந்தது: பலாவின் பரம்பரையலகை பக்டீரியாவுக்குள் வைத்தால், மரமே இல்லாமல் ஜகலினைச் செய்யேலாதா? சீனி வருத்தக்காரர் போடுற இன்சுலின் 1982 தொடக்கம் அப்படித்தானே சந்தைக்கு வருது. புனே ஆய்வாளர்கள் செய்து பார்த்து 2004இல் முடிவை எழுதினார்கள். பக்டீரியா செய்த ஜகலின் சரியாகத்தான் மடிந்தது, ஆனால் சீனியைப் பிடிக்கிற பலம் குறைவு. காரணம் ஒரு வெட்டு. மரம் முதலில் ஒரே சங்கிலியாகச் செய்து, இடையில் நாலு அமினோ அமிலத்தை வெட்டி எறிந்து, 20உம் 133உம் நீளமான இரண்டு சங்கிலிகள் ஆக்குது. அந்த வெட்டால் விடுபடுகிற நுனிதான் சீனியைப் பிடிக்க உதவுது. பக்டீரியாவுக்கு அந்த வெட்டுத் தெரியாது.

இதைக் கேட்டதும், “பார்த்தியா, எங்கட மரத்தை ஒருத்தராலும் வெல்லேலாது” எண்டு சிலர் புளகாங்கிதப்படுவினம். அந்தப் பெருமையை நாங்கள் நம்பேல்ல. இன்சுலினிலும் இதே சிக்கல் இருந்தது. பக்டீரியா தாற முன்வடிவத்தைத் தொழிற்சாலையில் நொதியம் போட்டு வெட்டி அதைத் தீர்த்தார்கள். நாளைக்கு ஜகலினுக்கும் யாராவது அப்படிச் செய்யக்கூடும். அப்போது கொட்டை தேவைப்படாது. “எங்கட வளத்தைக் களவெடுக்கிறாங்கள்” எண்ட கோபமும் அரைகுறைதான். கொட்டையைக் கறியாக்கியதுக்கு மேலே நாங்கள் அதை என்ன எண்டு கேட்டிருக்கிறம்?

சட்டமும் இந்த இடத்தில்தான் தடுமாறுது. 1992இன் உயிர்ப்பல்வகைமைச் சமவாயமும் 2010இன் நகோயா உடன்படிக்கையும் விதை, இலை, வேர் எல்லை தாண்டுவதை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இப்ப எல்லை தாண்டுறது கணினியில் இருக்கிற பரம்பரையலகின் எழுத்து வரிசை. 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய நாடுகள், அந்தத் தகவலால் இலாபம் பார்க்கிற கம்பனிகள் பங்கு செலுத்த ஒரு நிதியத்தை உருவாக்க உடன்பட்டன. அதில் அரைவாசியாவது பழங்குடி மக்களுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போகவேணும் எண்டது நோக்கம். ஆனால் கம்பனி கட்டியே ஆகவேணும் எண்ட கட்டாயம் இல்லை.

கட்டாயம் ஆக்குவதா, ‘உள்ளூர்ச் சமூகம்’ எண்டால் ஆர், அந்தக் காசு ஆருடைய கையில் போகும்: இதெல்லாம் விஞ்ஞானக் கேள்விகள் இல்லை. அரசியலும் சட்டமும் மொழியும் படிக்கிறவை பதில் தேடவேண்டிய கேள்விகள். ஆனால் அந்த வெட்டு என்னெண்டு விளங்காமல் எங்களால் வாயே திறக்கேலாது. சாதாரண தரத்தோட விஞ்ஞானத்தை விட்டுவிட்டம். பல்கலைக்கழகத்தில் அது ஆங்கிலத்துக்குள் போய்விட்டது.

வந்தாறுமூலையில் விஞ்ஞான பீடமும் கலை கலாசார பீடமும் ஒரே வளாகத்தில்தான் இருக்கு. மாதம் ஒருக்கா ஒரு விஞ்ஞான மாணவர் தன்ர பாடத்தைத் தமிழில் சொல்லட்டும். நாங்கள் கேள்வி கேட்டு அதை எழுதி வைக்கிறம். மரம் எங்கட வளவில நிக்குது எண்டதால மட்டும் ஒருத்தரும் எங்களுக்குப் பங்கு தரப்போறதில்லை. அதைப் பற்றிப் பேசத் தெரிஞ்சால்தான் பேச்சு மேசைக்காவது போகலாம்.