எலுமிச்சம்பழத்துக்குள்ள விரலை விட்டா அது பாரம்பரியமா?

நகச்சுத்து வந்தா எலுமிச்சம்பழத்துல ஓட்டை போட்டு விரல்ல சொருகிக்கிறது எங்க ஊர்ல இன்னைக்கும் உண்டு. அதைப் படம் புடிச்சு, ‘முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை’ன்னு வாட்ஸப்ல அனுப்பற பட்டணத்து நண்பர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

நாங்க பழத்தைச் சொருகறது முன்னோர் மேல இருக்கற பக்தியில இல்லைங்க. எங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டரைப் பாக்க முடியறது பகல்ல. நடவும் களையெடுப்பும் அதே பகல்ல. வைத்தியம் இலவசம்தான், ஆனா போனா அன்னைய கூலி போச்சு. பழம் வீட்டு மரத்துல இருக்கு. கணக்கு அவ்வளவுதான்.

பழம் வச்சா கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கும், மறுக்கல. நகத்தோரம் லேசா சிவந்து வலிக்கிறப்ப, வெதுவெதுப்பான தண்ணியில பத்து பதினஞ்சு நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை விரலை முக்கி வச்சாலே பல சமயம் அடங்கிடும். சீழ் கட்டிட்டா கதை வேற. அதை டாக்டர்தான் கீறி எடுக்கணும், வீட்டு ஊசியால குத்தக் கூடாது. சீழ் தோலுக்கு உள்ள, பழம் வெளிய. அது என்ன பண்ணும்?

இதைவிட மோசம், விரலோட உள்பக்கம் ஆழமா ஏறற கருவேல முள்ளு. விரலை மடக்கற தசைநாண் ஒரு உறைக்குள்ள ஓடுது. கிருமி அதுக்குள்ள போயிட்டா என்ன ஆகும்னு சிகாகோ டாக்டர் ஆலன் கனாவெல் 1912-லயே புத்தகம் எழுதிட்டார். அவர் பேராலதான் இன்னைக்கும் நாலு அடையாளம் சொல்றாங்க. விரல் முழுசும் ஒரே சீரா வீங்கும். லேசா மடங்கியே நிக்கும். உள்பக்கம் நெடுக அமுக்கினா வலிக்கும். அடுத்தவங்க நிமித்தினா உயிர் போகும். இதைப் பாத்துட்டு விடியட்டும்னு காத்திருந்தா, விரல் நிரந்தரமா விறைச்சுப் போகலாம். சர்க்கரை இருக்கறவங்க, காய்ச்சல் வந்தவங்க, கையில சிவப்புக் கோடு ஏறினவங்களும் அன்னைக்கே போகணும். முள்ளுக் குத்துக்கு ரணஜன்னி ஊசி பாக்கி இருக்கான்னும் கேட்டுக்கணும்.

நகத்தால கிள்ள வேண்டியதைக் கோடாலி வரைக்கும் விடறதுக்குப் பேரு பாரம்பரியம் இல்லை, வழியில்லாமை. எங்க மேல அக்கறை இருந்தா படத்தை அனுப்பறதை விட்டுட்டு, சாயங்காலமும் கிராமத்துல டாக்டர் இருக்கணும்னு எங்களோட சேர்ந்து கேளுங்க. மடங்காத விரலால களைக்கொத்து புடிக்க முடியாதுங்க.