முப்பது ஆண்டு தாமதித்து வந்த பாராட்டு



வெளியான நாளிலேயே ஊர் கொண்டாடிய பாட்டுகள் உண்டு. ஊர் கைவிட்டும் நாலு பேர் விடாமல் பிடித்துக்கொண்டதால் பிழைத்த பாட்டுகளும் உண்டு. இந்த மாதம் நான் திரும்பத் திரும்பக் கேட்டது இரண்டாவது வகை: இங்கிலாந்துப் பாடகி வஷ்டி பன்யன் பெரும்பாலும் தானே எழுதிப் பாடி, 1970இல் வெளிவந்த ‘ஜஸ்ட் அனதர் டைமண்ட் டே’ ஆல்பம்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஓவியம் படிக்கப் போய், படம் வரையாமல் பாட்டு எழுதிக்கொண்டிருந்ததால் வெளியே அனுப்பப்பட்டவர் வஷ்டி. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மேலாளர் ஆண்ட்ரூ ஓல்டமின் கண்ணில் பட்டார். அந்தக் குழுவின் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் எழுதிய பாட்டே அவருடைய முதல் இசைத்தட்டானது. அது எடுபடவில்லை. அடுத்தடுத்த முயற்சிகளும் அப்படியே. லண்டனே வேண்டாம் என்று 1968இல் காதலருடன் குதிரை வண்டியில் கிளம்பிவிட்டார். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுப் பக்கம் கலைஞர்கள் கூடி வாழ ஒரு குடியிருப்பு அமைக்கப் பாடகர் டொனோவன் திட்டமிட்டிருந்தார். அதை நம்பிய பயணம் அது. இவர்கள் போய்ச் சேர்வதற்குள் டொனோவன் வேறு பக்கம் போய்விட்டார்.

ஆனால் வழியெல்லாம் பாட்டு பிறந்தது. வண்டி இழுத்த குதிரை பெஸ்ஸுக்கு ஒரு பாட்டு, மின்மினிக்கு ஒன்று, தகைவிலான் குருவிக்கு ஒன்று, அல்லிக் குளத்துக்கு ஒன்று. தயாரிப்பாளர் ஜோ பாய்ட் 1969 கடைசியில் அவரை லண்டனுக்கு வரவழைத்துப் பதிவு செய்தார். கிதார், ஃபிடில், ரெக்கார்டர் குழல் போன்றவற்றின் மெல்லிய துணை மட்டும். பக்கத்தில் தூங்கும் குழந்தை விழித்துவிடக் கூடாதே என்று பாடுவதுபோல ஒரு குரல். மேலோட்டமாகக் கேட்டால் குழந்தைப் பாட்டு என்றுதான் தோன்றும். மழையிலும் குளிரிலும் கையில் காசில்லாமல் போகிறவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட தைரியம் அது என்பது அப்புறம்தான் உறைக்கிறது. ரசிகர்கள் இந்த ஆல்பத்தை விடாததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

விற்பனை மிகச் சொற்பம். மனம் விட்டுப்போன வஷ்டி கிதாரை ஓரமாக வைத்தார். மூன்று பிள்ளைகள், வளர்ப்பு விலங்குகள் என்று குடும்பத்தில் மூழ்கினார். இந்தப் பக்கம் இசைத்தட்டு சேகரிப்பவர்கள் அந்த ஆல்பத்தைத் தேடி அலைந்ததும், பழைய பிரதி ஒன்றின் விலை ஏறிக்கொண்டே போனதும் அவருக்குத் தெரியாது. 1990களின் பிற்பகுதியில் வீட்டுக்குக் கணினி வந்த பிறகு, இணையத்தில் தன் பெயரைத் தேடிப் பார்த்தார். தன் பாட்டுக்கு இத்தனை பேர் ஏங்குகிறார்களா என்று அன்றுதான் தெரிந்தது.

2000இல் ஆல்பம் மறுபடி வெளியானது. டெவேந்திரா பான்ஹார்ட் போன்ற இளம் பாடகர்கள் அவரைத் தேடி வந்தார்கள். 35 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2005இல் ‘லுக்ஆஃப்டரிங்’ என்ற இரண்டாவது ஆல்பம் வந்தது. 2014இல் மூன்றாவது.

இதே ஜோ பாய்ட் அறிமுகப்படுத்திய இன்னொரு பாடகர் நிக் டிரேக். இருவரின் சில பாட்டுகளுக்கும் இசைக்கோவை செய்தவர் ராபர்ட் கர்பி. டிரேக்கின் மூன்று ஆல்பங்களும் அவர் இருக்கும்போது விலைபோகவில்லை. 1974இல், 26 வயதில் இறந்துவிட்டார். இன்று உலகமே அவரைக் கொண்டாடுகிறது, கேட்க அவர்தான் இல்லை. வஷ்டிக்கு அந்தப் பாராட்டு காதில் விழுந்தது, அதனால் மறுபடி பாட்டு எழுதினார். ரசிகரின் அன்பு கலைஞருக்குப் போய்ச் சேர்ந்தால் புதிதாக ஒரு படைப்பே பிறக்கலாம். மனதுக்குள் பூட்டி வைத்தால் அதற்கு வழியில்லை.

உங்களுக்கும் அப்படி ஒரு பாட்டு இருக்கும். யாரும் பேசாதது, நீங்கள் மட்டும் விடாமல் கேட்பது. அதைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள், வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். பாடியவரோ எழுதியவரோ இன்று நம்மோடு இருந்தால், முதல் கடிதம் அவருக்குப் போகட்டும். எங்களுக்கு அடுத்ததாக எழுதினால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்