என் வண்டி, என் லாக் ஃபைல்

போன மாசம் ஒரு மழை நாள். தாம்பரம் தாண்டி வரும்போது என் பைக் மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிஞ்சது. வண்டி நல்லாத்தான் ஓடுது. சத்தம் இல்லை, புகை இல்லை, விளக்கு மட்டும் அணையமாட்டேங்குது. 2021ல் வாங்கின வண்டி, வாரண்டி முடிஞ்சாச்சு.

நேரா நம்ம மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். இருபது வருஷமா அதே தெருமுனையில் கடை. தூரத்தில் வர்ற வண்டிச் சத்தத்தை வச்சே டேப்பெட் லூஸா, செயின் லூஸான்னு சொல்ற ஆள். விளக்கைப் பார்த்தார். "தம்பி, இது மிஷின் மாட்டினாத்தான் தெரியும். அது கம்பெனி சர்வீஸ்லதான் இருக்கு. அங்கேயே போயிடுங்க"ன்னுட்டார். சொல்லிட்டு என் முகத்தைப் பார்க்காம ஸ்பேனரைத் துடைச்சுக்கிட்டு இருந்தார்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் பண்ண 400 ரூபாய். ரெண்டு நிமிஷ வேலை. "ஆக்சிஜன் சென்சார் போச்சு சார், மாத்தணும். லேபரோட 3,200 ஆகும்." சரி, எர்ரர் கோடு என்னன்னு காட்டுங்கன்னேன். "அதெல்லாம் கஸ்டமருக்குக் காட்டமாட்டோம் சார்."

வந்துச்சு பாருங்க கோவம். காலையில் இருந்து ராத்திரி வரைக்கும் லாக் ஃபைல் படிச்சே சோறு திங்கிறவன்கிட்ட போய், உன் வண்டி லாக்கை நீ பார்க்கக்கூடாதுன்னு சொன்னா?

400ஐ மட்டும் கட்டிட்டு அண்ணன்கிட்டயே திரும்பி வந்தேன். ஆக்சிஜன் சென்சார்ங்கிற பேர் மட்டும் போதுமா இருந்தது அவருக்கு. சைலன்சர் பைப்பில் இருந்து வர்ற ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போனார். கனெக்டருக்குள்ள தண்ணி இறங்கி பச்சை பூத்திருந்தது. ஸ்ப்ரே அடிச்சு, துடைச்சு, மாட்டினார். ரெண்டு நாள் ஓட்டினதும் விளக்கு தானா அணைஞ்சது. கோளாறு திரும்ப வரலைன்னா சில ஓட்டத்துக்குப் பிறகு ஈ.சி.யூவே விளக்கை அணைச்சிடும். அண்ணன் வாங்கினது 100 ரூபாய்.

உடனே "அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா"ன்னு ஆரம்பிக்கப் போறேன்னு நினைக்காதீங்க. அப்பாவோட ஸ்ப்ளெண்டர் டூல் கிட்டில் ஒரு உப்புத்தாளும் பழைய பிளக்கும் எப்பவும் இருக்கும். வழியில் நின்னா பிளக்கைக் கழட்டி, தேய்ச்சு, மாட்டி, உதைச்சா கிளம்பிடும். கேட்க நல்லா இருக்கு. ஆனா மாசத்துக்கு ரெண்டு தடவை அப்படி நின்னதும் அதே வண்டிதான். மழைக்காலக் காலையில் சோக்கை இழுத்துப் பிடிச்சு, அப்பா வியர்த்து விறுவிறுத்து உதைச்சதை நான் மறக்கலை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தது, கார்புரேட்டர் போச்சு. பெட்ரோல், டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்மில் இருந்து 10க்கு இறங்குச்சு. ஜி.எஸ்.டி ரோட்டில் தினமும் மூச்சு விடுறவன் நான், இதுக்கு எதிரா ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

என் சண்டை எஞ்சினோட இல்லை, பூட்டோட. வண்டிக்குத் தனக்கு என்ன நோய்னு தெரியுது. அதைச் சொல்லவும் சொல்லுது. யார்கிட்ட சொல்லலாம்ங்கிறதைத்தான் கம்பெனி முடிவு பண்ணுது.

அமெரிக்காவில் 1996 மாடலில் இருந்து எல்லாக் காரிலும் ஒரே மாதிரி 16 பின் சாக்கெட் இருக்கணும்னு சட்டம். பி0130ன்னு வந்தா ஆக்சிஜன் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு, எந்தக் கம்பெனிக் காரா இருந்தாலும் அதே அர்த்தம். அதுக்கு மேல ஒவ்வொரு கம்பெனியும் தனக்குன்னு ஒரு கோடு, ஒரு டூல்னு வச்சுக்கிட்டதும், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012ல் ஜனங்க ஓட்டுப் போட்டே அதைத் திறக்க வச்சாங்க.

நம்ம ஊர்ல ஒண்ணும் நடக்கலையான்னா, நடந்தது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடிக்கு மேல அபராதம் போட்டுச்சு. உதிரி பாகத்தையும் ஸ்கேன் பண்ற டூலையும் வெளி மெக்கானிக்குக் கிடைக்கவிடாம வச்சதுக்குத்தான். வெளியில் சர்வீஸ் பண்ணின ஒரே காரணத்துக்காக மொத்தமா வாரண்டியை ரத்து பண்ணக்கூடாதுன்னும் சொல்லுச்சு. கம்பெனிங்க அப்பீலுக்குப் போயிட்டாங்க. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் திறந்தது, வண்டிகளும் அதில் அடக்கம். எங்க தெருமுனைக் கடைக்கு இதில் எதுவும் வந்து சேரலை.

"கண்டவனும் கம்ப்யூட்டர்ல கை வச்சா வண்டி என்ன ஆகும், பாதுகாப்பு வேண்டாமா?"ன்னு ஆபீஸில் ஒரு நண்பன் கேட்டான். அவன் தினமும் வேலை பார்க்கிற சர்வரிலேயே ரீட் பர்மிஷன் வேற, ரைட் பர்மிஷன் வேற. மேப்பிங்கை மாத்துற சாவியை கம்பெனியே வச்சுக்கட்டும். இம்மொபிலைசரை யாரும் தொடவேண்டாம். கோடைப் படிக்கவும், சர்வீஸ் முடிஞ்சதும் நினைவூட்டலை அழிக்கவும் எதுக்கு ரகசியம்? அந்த ரகசியத்தோட விலை 400க்கும் 100க்கும் நடுவில் இல்லை, 3,200க்கும் 100க்கும் நடுவில் இருக்கு.

அண்ணன் இப்ப ஒரு ஸ்கேனர் வாங்கலாமான்னு யோசிக்கிறார். விசாரிச்சதில் ஒண்ணு ரெண்டு கம்பெனி வண்டியை முழுசாப் படிக்குது, மத்ததை அரைகுறையா. விலை அவரோட ஒரு மாச வருமானத்துக்கு மேல. "வாங்கிட்டா அடுத்த மாடல்ல சாக்கெட்டை மாத்தமாட்டானா தம்பி?"ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்லை.

நேத்து அவர்தான் ஆயில் மாத்தினார். மீட்டரில் சர்வீஸ் ஸ்பேனர் படம் இன்னும் மினுக்குது, அதை அழிக்க கம்பெனிக்குத்தான் போகணுமாம். மேல ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிட்டேன் :-)