நான்கு கோல்கள்

ஜேக் டேனியல்ஸைப் பற்றி எப்போது படித்தாலும் என் மனம் அந்த நான்கு கோல்களில்தான் போய் நிற்கிறது. 2022 மே மாதம், 17 வயதில், தான் தன்பாலீர்ப்பாளன் என்று பிளாக்பூல் கால்பந்து அணியின் அந்தப் பையன் உலகுக்குச் சொன்னது தெரிந்த கதை. அதற்கு முன்பே வீட்டில், அம்மாவிடமும் சகோதரியிடமும் சொல்லியிருக்கிறான். மறுநாள் அக்ரிங்டன் அணியுடன் ஆட்டம். நான்கு கோல் அடித்தான்! ஐந்தாறு வயதிலேயே தன்னை அறிந்துகொண்ட பிள்ளை அவன். உடை மாற்றும் அறையில் யாரும் சந்தேகப்படக் கூடாதென்று பெண்களோடு காதல் இருப்பதாகக் காட்டிக்கொண்டு வளர்ந்தவன். எதிரணியை ஏமாற்றுவது ஆட்டம். சொந்த அணியையே ஏமாற்ற வேண்டியிருப்பது எவ்வளவு பெரிய தண்டனை. அவனுக்கு முன், ஆடிக்கொண்டிருந்தபோதே இதைச் சொன்ன பிரிட்டிஷ் ஆண் தொழில்முறைக் கால்பந்து வீரர் ஜஸ்டின் ஃபஷானு. அது 1990. அவரைச் சொந்தத் தம்பியே பகிரங்கமாகக் கைவிட்டார். 1998இல் ஃபஷானு தற்கொலை செய்துகொண்டார். இரண்டு பேருக்கும் நடுவில் 32 வருட மௌனம். விளையாட்டுப் பிள்ளைகளைப் பெற்றவர்களே, உங்கள் பிள்ளை ஒருநாள் தயங்கித் தயங்கிப் பேச வந்தால், தயவுசெய்து முழுக்கக் கேளுங்கள்.