பேர்போர்ட் தேவாலயமும் ஒரு கைதியின் கையெழுத்தும்

இங்கிலாந்துக்கு வரும் நம்மவர்கள் பழைய தேவாலயங்களைப் பார்க்க விரும்பினால் வெஸ்ற்மின்ஸ்ரருக்கும் கன்ரபரிக்கும் செல்வது வழக்கம். அவை அரசர்களும் பேராயர்களும் எழுப்பியவை. அவர்களின் கதையையே சொல்பவை. ஊர்ச்சனங்களின் கதையை அறிய விரும்புவோர் ஏதாவதொரு சிற்றூரின் பங்குத் தேவாலயத்துக்குள் நுழைய வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சில வருடங்களுக்கு முன்னர் ஒக்ஸ்போர்ட்ஷயரில் உள்ள பேர்போர்ட் என்ற ஊரின் புனித ஸ்நானக அருளப்பர் தேவாலயத்தில் அரை நாளைக் கழித்தேன். அதன்பின்னர் இந்த அபிப்பிராயம் இன்னும் உறுதிப்பட்டுவிட்டது.

வின்ட்ரஷ் என்ற சிற்றாற்றின் அருகில் நிற்கும் இத்தேவாலயத்தை ஒருவர் ஒரு திட்டத்தின்படி கட்டவில்லை. நடுக்கோபுரத்தின் அடிப்பகுதி 12ஆம் நூற்றாண்டுக்குரியது. தடித்த சுவர், அரைவட்ட வளைவு, சிறிய சாளரம் என நோர்மன் காலத்துக்கே உரிய அடையாளங்கள் அதில் உண்டு. அதன் தலையில் 15ஆம் நூற்றாண்டில் ஒரு கூர்ங்கோபுரத்தை ஏற்றினார்கள். இவ்வூரின் வணிகர் சங்கம் முதலில் தனக்கென்று தனியாக ஒரு சிற்றாலயம் கட்டியிருந்தது. அதையும் பின்னர் பெரிய கட்டடத்தோடு இணைத்துவிட்டார்கள். இணைத்தவர்கள் அதை நேர்ப்படுத்தவில்லை. இன்றும் அது கோணலாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெற்கு வாசலில் மூன்று மாடி உயரத்தில் ஒரு முகப்பு மண்டபம் எழுந்து நிற்கிறது. இத்தனைக்கும் பணம் ஆட்டு ரோமத்திலிருந்து வந்தது. கொட்ஸ்வோல்ட் குன்றுகளின் கம்பளி அன்று ஐரோப்பாவெங்கும் விலைபோனது. அந்த இலாபத்தில் ஒரு பங்கு இங்கே கல்லாயிற்று.

உள்ளே 8ஆம் ஹென்றி மன்னரின் நாவிதராயிருந்த எட்மண்ட் ஹார்மனின் நினைவுச்சின்னம் இருக்கிறது. 1569ஆம் ஆண்டைச் சேர்ந்த அதில் தென்னமெரிக்கப் பழங்குடி மக்களின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒரு நாவிதரின் நினைவுக்கல்லில் அவர்கள் ஏன் வந்தார்கள் என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். வேறொரு பக்கத்தில், 1625இல் இறந்த நீதிபதி சேர் லோரன்ஸ் ரான்பீல்டும் அவர் மனைவியும் ஆடம்பரமான கல்லறையின் மேல் சிலைகளாகப் படுத்திருக்கிறார்கள். சிலைகளின் கீழே ஓர் எலும்புக்கூட்டின் சிற்பமும் உண்டு. உள்ளூர் மக்கள் அந்த நீதிபதியை வெறுத்தார்களாம்.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது இவை எதுவுமல்ல, ஞானஸ்நானத் தொட்டிதான். அதன் ஈய உறையில் கூரான எதனாலோ கீறப்பட்ட எழுத்துகள்: அந்தனி செட்லி, 1649, கைதி. கைதி என்ற சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது.

1649 ஜனவரியில் முதலாம் சார்ள்ஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டது. அரசனை வென்ற பாராளுமன்றப் படையின் ஒரு பகுதியினர் அதன் பின்னர் தம் தளபதிகளையே கேள்வி கேட்டார்கள். சம்பள பாக்கி எங்கே? அயர்லாந்துப் போருக்கு ஏன் போகவேண்டும்? சாதாரண மனிதனுக்கு வாக்குரிமை இல்லையா? ‘லெவலர்கள்’, அதாவது சமன்செய்வோர், என்று பெயர் பெற்ற இயக்கத்தின் கருத்துகள் இவை. அவ்வாண்டு மே மாதத்தில் ஓரிரவு குரொம்வெல்லும் பெயர்பக்ஸும் பேர்போர்ட்டில் தங்கியிருந்த கலகக்காரர்களைத் திடீரெனத் தாக்கிப் பிடித்தார்கள். சுமார் 340 பேர் இத்தேவாலயத்துக்குள் அடைக்கப்பட்டார்கள். மே 17ஆம் திகதி மூவர் வெளியே கொண்டுபோகப்பட்டு மதிற்சுவரோடு நிறுத்திச் சுடப்பட்டனர். மற்றவர்கள் கூரையில் நின்று அதைப் பார்க்க வைக்கப்பட்டார்கள். நான்காவதாகத் தண்டனைக்குரியவராயிருந்த ஹென்றி டென் மன்னிப்புக் கேட்டு உயிர் தப்பினார். பின்னர் எஞ்சிய கைதிகளுக்கு அவரே பிரசங்கமும் செய்தார்! அன்று நடந்ததைப் பற்றிப் பல எழுத்துகள் உண்டு. ஆனால் உள்ளே இருந்த ஒரு சாதாரண சிப்பாய், தன் கையால், அந்த நாட்களிலேயே எழுதிய செய்தி இந்த ஈயத்தில்தான் இருக்கிறது. செய்தி எழுதியே காலத்தைக் கழித்த எனக்கு அந்த எழுத்துப்பிழையைத் திருத்தும் துணிவு வரவில்லை.

புனிதமான தொட்டியில் இப்படிக் கீறலாமா என்று அதை உருக்கி வார்த்துவிடப் பிற்காலத்தவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவ்வாறு நடவாதது நம் நல்லூழ். ஏனெனில் 1870களில் இத்தேவாலயமும் ‘புனருத்தாரணம்’ செய்யப்பட்டது. சுவர்ப்பூச்சைச் சுரண்டி, பழைய தளத்தைப் பெயர்த்து, மத்திய காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தாம் கற்பனை செய்தபடி கோயில்களைப் புதுக்குவது விக்ரோரியா காலத்தவரின் பெருவிருப்பு. 1876இல் இவ்வழியே வந்த கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மொறிஸ் இங்கு நடந்த வேலையைக் கண்டு கொதித்துக் குருவானவரிடம் முறையிட்டார். தேவாலயம் தன்னுடையது, விரும்பினால் அதற்குள் தலைகீழாகவும் நிற்பேன் என்று அவர் பதிலளித்ததாக ஒரு கதை உண்டு. அடுத்த ஆண்டு, 1877இல், பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை மொறிஸ் தொடங்கினார். அன்றாடம் பழுது பாருங்கள், புதிதாக்காதீர்கள் என்பதே அதன் கொள்கை.

அதே 1877இல் கொழும்பில் சேர் முத்து குமாரசுவாமியின் மகனாக ஆனந்த குமாரசுவாமி பிறந்தார். மொறிஸின் எழுத்தில் ஊறிய அவர் 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, பழைய கட்டடங்கள் கவனிப்பாரற்றும் திருத்தம் என்ற பெயரிலும் அழிவதைக் கண்டித்தார். பின்னர் இதே கொட்ஸ்வோல்ட் பகுதியில், புரோட் கம்டன் என்ற கிராமத்தில், பாழடைந்திருந்த நோர்மன் காலச் சிற்றாலயம் ஒன்றைக் கட்டடக் கலைஞர் ஆஷ்பியைக் கொண்டு வீடாக்கிக் குடியிருந்தார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908இல் வெளிவந்தது. அது மொறிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே அச்சிடப்பட்டது. பேர்போர்ட்டில் மூண்ட கோபம் இலங்கைக்கு வந்து சேர்ந்த பாதை இது. நம் பாடப்புத்தகங்களில் இதை நான் படித்ததில்லை.

குருவானவரின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டென்பதை மறுக்க மாட்டேன். வழிபாட்டிடம் அருங்காட்சியகம் அல்ல. கூரை ஒழுகினால் நனைபவர்கள் அங்கே தொழுபவர்களே. புலம்பெயர்ந்த நாட்டிலிருந்து பணம் அனுப்பி, ஊர்க்கோயில் பொலிவாக இருக்கவேண்டும் என்று விரும்புவோரின் பக்தியையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் தன்னுடையது என்று அவர் சொன்னதை ஏற்க முடியாது. எங்கள் கிராமத்துக் கோயிலில் நான் சிறுவயதில் சாய்ந்திருந்த பொழிகல் தூண்களில், அவற்றை உபயஞ்செய்தவர்களின் பெயர்கள் கோணல் எழுத்தில் வெட்டப்பட்டிருந்தன. கும்பாபிஷேகத்துக்காக அவற்றை அகற்றிச் சீமெந்துத் தூண் நிறுத்தி, பளபளக்கும் ஓடு பதித்தார்கள். பழைய பெயர்களை யாராவது எழுதி வைத்தார்களா என்று விசாரித்தேன். எதற்கு, புதிய உபயகாரர்களின் பெயர்களைப் பளிங்கில் போட்டிருக்கிறோமே என்றார் தர்மகர்த்தா.

பேர்போர்ட்டில் 1975 முதல் மே மாதத்தில் அந்த மூன்று சிப்பாய்களையும் நினைவுகூர மக்கள் கூடுகிறார்கள். நான் சென்றது வேறொரு மாதத்தில். தேவாலயத்தில் பூக்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், செட்லியின் பெயரைத் தேடித் தடுமாறிய என்னைத் தொட்டியின் மறுபக்கத்துக்கு வரச்சொல்லி, வெளிச்சம் விழும்படி சற்று ஒதுங்கி நின்றார்.