மாடிக்கு மேலே பறக்கும் ட்ரோன்



சிதம்பரத்தில் ஆனித் தேர், மார்கழித் தேர் என்றால் நான்கு வீதியிலும் கால் வைக்க இடமிருக்காது. அங்கே நெரிசலைப் பார்க்கப் போலீஸ் ட்ரோன் பறக்கவிட்டால் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகிக் கடலூர் தத்தளித்ததே, அப்படிப்பட்ட நேரத்திலும் உதவும்.

எடுத்த படம் பிறகு என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி. வீதியை எடுக்கும் கேமராவில் மாடியில் தலை காயவைக்கும் பெண்ணும் விழுவாள். 2020 ஊரடங்கில் திருப்பூரில் கேரம் ஆடிய பையன்கள் ட்ரோனைக் கண்டு ஓடிய வீடியோவைப் பார்த்து ஊரே சிரித்தது. அவர்களைக் கேட்டுக்கொண்டா அது சுற்றியது?

2021 ட்ரோன் விதிகள் எடை, பதிவு எண், பறக்கும் உயரம் எல்லாம் சொல்கின்றன. போலீஸ் எடுத்த படத்தை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று சொல்லவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-லேயே உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, குற்றத் தடுப்பு என்றால் பல கடமைகளிலிருந்து விலக்கு தருகிறது. (கிளாஸ் லீடருக்கு மட்டும் வீட்டுப்பாடம் கிடையாது என்பது போல!)

வழக்கோடு தொடர்பில்லாத படத்தை முப்பது நாளில் அழிக்க வேண்டும் என்று அரசு விதியாகவே எழுத வேண்டும். வக்கீலாக இருக்கும் என் மாணவர்கள் யாராவது, இப்போது எத்தனை நாள் வைக்கிறார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்டக் காவல் அலுவலகத்தைக் கேளுங்களேன். மனுவை நான் எழுதித் தருகிறேன்.